அம்மனைச் சுடாத வெப்பப் பலகை

1

களுவாஞ்சிக்குடியில் எங்கள் சனசமூக நிலையம் இந்த வருடம் ஒரு மலர் வெளியிடுகிறது. அதற்குப் பொறுப்பான ஆசிரியர் போன மாதம் எனக்கு ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தார். "அண்ணன், வெளிநாட்டில இரிக்கிற ஆக்கள் எல்லாரும் ஊர நினைச்சு அழுதுதான் எழுதி அனுப்பியிரிக்காங்க. பதினொரு கட்டுரை வந்து கிடக்கு, பதினொண்டிலயும் அழுகைதான். நீங்களாவது படிக்கிற புள்ளையளுக்குப் பிரயோசனமா, விஞ்ஞானமா என்னவும் எழுதுங்க" என்றார்.

நான் ஜேர்மனிக்கு வந்து முப்பது வருடத்துக்கு மேலாகிறது. பொதி பிரிக்கும் நிலையத்தில் வேலை. சிறிய பொதி இடப்பக்கம், பெரிய பொதி வலப்பக்கம். இதில் விஞ்ஞானம் என்று சொல்ல அதிகம் இல்லை. யோசித்துப் பார்த்ததில் எனக்குத் தெரிந்த ஒரே விஞ்ஞானம் இங்கே எங்கள் அம்மன் மண்டபத்துக் கூரையில் இருந்து தொங்குகிறது. அகச்சிவப்பு வெப்பப் பலகை என்று பெயர். மண்டபம் தொடங்கிப் பத்தாவது வருடம் இது. இந்த வருடம்தான் மாட்டினோம். அதன் பயன்களை எழுதுகிறேன் என்று ஒப்புக்கொண்டேன்.

ஊர் வெயிலில் மின்விசிறிக்குக் கீழே இருந்து கழுத்தைத் துடைத்துக்கொண்டு வாசிக்கிறவர்களுக்கு, நமக்கு ஏன் இந்த வெப்பப் பலகை என்று எரிச்சல் வரும். வரட்டும். கேட்டது விஞ்ஞானம், கொடுப்பதும் விஞ்ஞானம்.

அந்தப் பலகையை மாட்டியது என் மகள். உண்மையில் அவளைப் பற்றித்தான் எழுத வேண்டும். ஊருக்கு நான் சொன்ன ஒரு பொய்யைத் திருப்பி எடுக்க வேண்டியிருக்கிறது. ஆனால் அதற்குக் கொஞ்சம் மூச்சுப் பிடிக்க வேண்டும். ஆகவே முதலில் பலகை.

2

வெள்ளை நிறம். ஒரு கதவில் பாதி அளவு. இரண்டு விரல் தடிப்பு. யாரோ கரும்பலகை செய்ய வெளிக்கிட்டுக் கறுப்பு மை வாங்க மறந்துபோனார்கள் என்று நினைப்பீர்கள். நெருப்புத் தெரியாது, வெளிச்சம் வராது, சத்தமும் கிடையாது. மின்சாரம் கொடுத்துக் கால் மணி நேரத்தில் முகப்பு நன்றாகச் சூடேறிவிடும். தொட்டால் கை பொறுக்காது. தொடாமல் முன்னால் நின்றால் சுகம்.

மற்ற வெப்பக் கருவிகள் முதலில் காற்றைச் சூடாக்கும். காற்றுக்கு ஒரு கெட்ட பழக்கம்: சூடானதும் மேலே போய்விடும். காசு கொடுத்துச் சூடாக்கியது கூரைக்கும், குளிர் நமது காலுக்கும் என்று பங்கு பிரியும். இந்தப் பலகை காற்றைச் சட்டை செய்வதில்லை. எதைப் பார்க்கிறதோ அதை நேரே போய்ச் சூடாக்கும். மார்கழி விடியலில் வவுணதீவுப் பக்கம் வயல் வட்டைக்குள் நின்றவர்களுக்கு இது புதிதல்ல. காற்று குளிராகத்தான் இருக்கும், வரம்புப் புல்லில் பனி கிடக்கும். ஆனால் வெயில் விழுந்ததும் முதுகு மட்டும் இதமாகும். ஒரு மரத்துக்குப் பின்னால் ஒதுங்கினால் அந்த இதமும் போய்விடும். அந்த வேலையைத்தான் பலகையும் செய்கிறது. ஊரில் கோழிக்குஞ்சு வளர்க்கிறவர்கள் பெட்டிக்கு மேல் பல்பு தொங்கவிடுவதும் ஏறக்குறைய இதே விஞ்ஞானம்தான். குஞ்சுகளுக்குக் காற்றா முக்கியம், முதுகுதான் முக்கியம்.

இங்கே இதைக் குளியலறையில் மாட்டுகிறார்கள். கண்ணாடி மாதிரியே செய்ததும் விற்கிறது. குளித்துவிட்டு வந்தால் ஆவி படியாமல் முகம் தெரியும். என் வயதில் அது இலாபமா நட்டமா என்று சொல்ல முடியாது. பூஞ்சணம் பிடித்த ஈரச் சுவரைக் காய வைக்கும். மூட்டு நோவுக்காரருக்கு நல்லது என்கிறார்கள். உயரமான பழைய தேவாலயங்களில் ஆட்கள் இருக்கிற இடத்துக்கு மட்டும் போடுகிறார்கள். காற்றை ஊதாததால் தூசு கிளம்பாது. எப்போது தேவையோ அப்போது போட்டு, தேவை முடிந்ததும் நிற்பாட்டலாம்.

குறையும் இருக்கிறது. பலகைக்கு முன்னால் நின்றால் முன்பக்கம் சுடும், பின்பக்கம் விறைக்கும். மீன் வாட்டுவது போல நாமே திரும்பித் திரும்பி நிற்க வேண்டும். தூணுக்குப் பின்னால் இருக்கிறவருக்கு ஒன்றும் கிடைக்காது. மேலே எதையும் போட்டு மூடக் கூடாது. இந்தக் கடைசி விதியைக் கவனமாக வாசியுங்கள், எங்கள் ஆட்கள் வாசிக்கவில்லை.

3

எங்கள் மண்டபம் முன்பு ஒரு டயர்க் களஞ்சியமாக இருந்தது. மட்டக்களப்புப் பக்கத்துக் குடும்பங்கள் நாற்பதுக்குக் கிட்டச் சேர்ந்து வாடகைக்கு எடுத்தோம். கூரை தென்னை உயரம், தரை வெறும் கொங்கிரீட். மூலையில் மரப்பலகையால் அடைத்து, நிலையும் கதவும் வைத்து அம்மனுக்கு ஓர் அறை. பூசைக்குக் கதவு திறப்பது வருடத்தில் ஒருமுறைதான். ஊரில் ஏழு நாள் சடங்கு. இங்கே வியாழன், வெள்ளி, சனி. வைகாசியில் இவர்களுடைய சமய விடுமுறை ஒன்று வியாழக்கிழமையில் வரும், அதோடு சேர்த்துப் பிடிப்போம். ஞாயிற்றுக்கிழமை இந்த நாட்டில் பறை அடிக்க ஏலாது. அம்மனும் எங்களைப் போல லீவு பார்த்துத்தான் வந்துபோகிறா. கல்யாணக்கால் என்கிற சடங்குக் கம்பம் நட ஊரில் கிடங்கு வெட்டுவீர்கள். கொங்கிரீட்டில் வெட்டினால் உரிமையாளர் எங்களை வெட்டுவார். ஆகவே நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மஸுக்கு, மரம் நிறுத்துகிற இரும்புத் தாங்கியில் நிறுத்துகிறோம். கடைக்குப் போய் மே மாதத்தில் நத்தார் மரத் தாங்கி கேட்டபோது என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள்.

வைகாசி என்றால் இங்கே கோடை என்று நினைத்துவிட வேண்டாம். மே மாத நடுவில் திரும்பவும் உறைபனி விழும் நாட்கள் உண்டு; தோட்டக்காரர்கள் அதற்குப் பயந்து தக்காளி நடாமல் காத்திருப்பார்கள். நாங்கள் அப்போது வெறுங்காலோடு கொங்கிரீட்டில் நிற்போம். பெண்கள் காலுறை போடலாமா என்று நிர்வாக சபை இரண்டு கூட்டம் வைத்தது. போடலாம், ஆனால் புதிதாக இருக்க வேண்டும் என்று தீர்மானம். எது புதிது என்று மூன்றாவது கூட்டம்.

ஒரு வருடம் எண்ணெயில் ஓடுகிற காற்றூதி ஒன்றை இரவல் வாங்கி வைத்தோம். அது விளக்குகளை அணைத்தது. தட்டில் இருந்த திருநீற்றை ஊதி முன்வரிசையில் இருந்த எல்லோருக்கும் தானே பூசிவிட்டது. சூடு முழுவதும் கூரைக்குப் போனது. கூரைப் புறாக்கள் அந்த வருடம் எங்களோடு மிகவும் அன்பாக இருந்தன.

எல்லோரையும் விடக் கஷ்டம் கப்புகனாருக்கு. அம்மனுக்குப் பூசை செய்கிறவர் அவர் ஒருவர்தான். வடிவேல் அண்ணன், மற்ற நாட்களில் நகரப் பேருந்து ஓட்டுகிறார். சடங்கு நாளில் இடுப்பில் வேட்டி, வாயில் கட்டிய வெள்ளைத் துணி, மேலே வெறும் உடம்பு. போன வருடம் மூன்றாம் நாள் முடிய அவருக்கு நடுக்கம் நிற்கவில்லை. நியூமோனியா. இரண்டு கிழமை ஆஸ்பத்திரி. பார்க்கப் போன எங்களிடம் கட்டிலில் இருந்தபடி சொன்னார்: "வாற வருஷம் சூட்டுக்கு ஒரு வழி செய்யாட்டி என்னால ஏலா. நான் ஓமெண்டாலும் என்ட பொஞ்சாதி வேட்டிய ஒளிச்சு வச்சிருவாள்."

அவருக்குப் பதில் ஆள் இல்லை. அவர் இல்லையென்றால் கதவு திறக்காது. கதவு திறக்காத மண்டபத்துக்கு நாற்பது குடும்பம் எதற்கு?

நகரசபைக்கு விண்ணப்பம் எழுதினேன். வாயு அடுப்பு தீயணைப்புச் சட்டப்படி கூடாது, மின்சாரம் என்றால் பார்க்கலாம் என்றார்கள். படிவத்தில் நிகழ்ச்சியின் தன்மை என்று ஒரு கட்டம். 'அம்மனைக் குளிர்த்தும் சடங்கு' என்று உண்மையை எழுதினேன். மூன்று கிழமை கழித்துக் குளிர்களஞ்சியப் பிரிவில் இருந்து பதில் வந்தது. என்ன குளிரூட்டி வாயு பாவிக்கிறீர்கள், இறைச்சி வைப்பீர்களா என்று கேட்டிருந்தார்கள். தொலைபேசியில் விளக்கினேன். அந்தப் பக்கம் இருந்த அம்மா படிவத்தைத் திருப்பிப் பார்க்கிற சத்தம் கேட்டது. பிறகு, "குளிர்த்துவதற்காகக் கூடுகிறீர்கள், அதற்கு வெப்பம் வேண்டும், சரியா?" என்றா. சரி என்றேன். எழுதிக்கொண்டா.

4

அந்த அம்மா சும்மா கேட்ட கேள்வியை எங்கள் வண்ணக்கர் கோபமாகக் கேட்டார். வெளியூர் வாசகருக்காகச் சொல்கிறேன், வண்ணக்கர் என்றால் கோயில் பொறுப்பாளர். அவர் சொல்லைத் தாண்டி மண்டபத்தில் ஓர் ஆணி அடிக்க முடியாது.

"தங்கராசா, வெக்கையில இரிக்கிற ஆத்தாவக் குளுத்துறதுக்குத்தானேடா நாம சடங்கு செய்யிறம்? நீ என்னடாண்டா அவட தலைக்கு மேல அடுப்புத் தூக்கப் பாக்கிறாய். அம்மாள் பொறுப்பாவா? ஊர் சிரிக்குமடா!"

ஊரைக் கேட்டேன். ஊர் என்றால் எனக்கு அக்கா. களுவாஞ்சிக்குடிச் சந்தைக்குப் பின் வீதியில் இருக்கிற அக்கா சிரிக்கவில்லை, ஏசினாள். "அம்மாளோட விளையாடாத தம்பி. சூடு கூடிப் புள்ள குட்டியளுக்கு அம்மாள் போட்டா, வேப்பிலைக்கு அங்க எங்க போவாய்?" என்று கேட்டாள். நியாயம்தான். ஜேர்மனியில் வேப்பிலைக்கு ஓடும் இடம் கிடையாது.

சூடு போட்டால் அம்மனுக்கு ஆகாது. போடாவிட்டால் கப்புகனாருக்கு ஆகாது. இப்படியே சித்திரை முடிந்தது.

5

இனி மகள்.

அவளுக்கு மருத்துவம் படிக்க இடம் கிடைத்தபோது நான் அன்றே ஊருக்குப் போன் எடுத்துச் சொன்னேன். அக்கா அம்மன் கோயிலில் பொங்கி வீதி முழுக்கக் கொடுத்தாள். நான் படித்த பள்ளிக்கூடத்து மதிலில் அவள் படத்தோடு வாழ்த்துப் பதாகை கட்டினார்கள். அவள் அந்தப் பள்ளிக்கூடத்தைக் கண்ணால் கண்டதில்லை.

ஒரு வருடம் படித்தாள். பிறகு ஒருநாள் சாப்பாட்டு மேசையில் சொன்னாள், விட்டுவிட்டேன் என்று. மின்வேலை பழகுவதற்கு ஒரு கொம்பனியில் சேர்ந்துவிட்டாள். "எனக்கு அது பிடிக்கல்ல அப்பா. ஒரு வீட்டில வெளிச்சம் இல்ல எண்டு கூப்பிடுவாங்க, நான் போய்ச் செஞ்சிட்டு வந்தா வெளிச்சம் இரிக்கும். எனக்கு அதுதான் விருப்பம்" என்றாள். நான் என்ன சொன்னேன் என்பதை எழுதவில்லை. மலரை மாணவர்கள் வாசிப்பார்கள்.

ஊருக்கு என்ன சொல்வது? முதல் வருடம் "படிக்கிறாள்" என்றேன். பொய் இல்லை, வயர் இழுக்கவும் படிக்கத்தான் வேண்டும். இரண்டாம் வருடம் "ஆஸ்பத்திரியில நிக்கிறாள்" என்றேன். அதுவும் பொய் இல்லை, அவளுடைய கொம்பனி அப்போது ஓர் ஆஸ்பத்திரிக்கு வயரிங் செய்துகொண்டிருந்தது. பிறகு "சோதனை பாஸ்" என்றேன். அப்பழுக்கற்ற உண்மை. அக்கா திரும்பவும் பொங்கினாள்.

அதோடு விட்டிருக்கலாம். அக்காவுக்கு முழங்கால் நோவு. படம் எடுத்து, "டாக்குத்தர் மருமகளிட்டக் காட்டு" என்று எனக்கு அனுப்பினாள். நான் யாரிடம் காட்டுவது? நானே இரண்டு நாள் இணையத்தில் வாசித்து, வெந்நீர் ஒத்தடமும் சாப்பிட்ட பிறகு ஒரு நோவு மாத்திரையும் என்று மகள் சொன்னதாகச் சொன்னேன். சுகம் கண்டது. அதன் பிறகு பக்கத்து வீட்டுக்காரரின் படங்களும் வரத் தொடங்கின. கடவுளே, ஒரு கட்டத்தில் நான் வீதி முழுவதற்கும் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் அக்கா எப்படியோ மகளின் இலக்கத்தைத் தேடிப் பிடித்து நேரே குரல் செய்தி அனுப்பிவிட்டாள். மகள் அதைக் கேட்டுவிட்டுக் கையில் போனோடு என் முன்னால் வந்து நின்றாள்.

"அப்பா, மாமிக்கு நான் என்ன மாத்திரை சொன்ன?"

என் மனைவி மலர் குசினிக்குள் தண்ணீரைத் திறந்துவிட்டாள், தனக்குக் கேட்கவில்லை என்று காட்ட.

"நான் செத்துப்போயிருந்தா அத ஊருக்குச் சொல்லியிருப்பீங்கதானே? வயர் இழுக்கிறன் எண்டுறதத்தான் சொல்லல்ல." அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், சமமாகப் போயிருக்கும். குளிர்ச் சட்டையை எடுத்துக்கொண்டு போனாள். பதினொரு மாதம் வீட்டுப் பக்கம் வரவில்லை. மலரோடு மட்டும் பேசுவாள். நான் பக்கத்தில் இருந்தால் குரல் குறையும்.

6

மின்சாரப் பலகை மாட்டலாம் என்று நகரசபை அனுமதித்தது. ஆட்கள் இருக்கிற பக்கத்துக்கு மட்டும் என்று வண்ணக்கரும் அரை மனதோடு தலையாட்டினார். ஒரு நிபந்தனை: தகுதிச் சான்று உள்ள மின்வினைஞர் ஒருவர் பொருத்திக் கையெழுத்திட வேண்டும். மூன்று கொம்பனிகளைக் கேட்டோம். ஆவணியில் வரலாம் என்றார்கள். சடங்குக்கு மூன்று கிழமை இருந்தது.

"மகளக் கேளுங்க" என்றாள் மலர். நான் கேட்கவில்லை. மலர் கேட்டாள்.

சனிக்கிழமை காலை கொம்பனியின் வான் வண்டியில் தனியே வந்தாள். இடுப்பில் வேலைக் கருவிகள் செருகிய பட்டை, தோளில் ஏணி. வாசலில் நின்றாள். உள்ளே செருப்புக் கூடாது. ஏணியில் வெறுங்காலோடு ஏறத் தொழில் சட்டம் விடாது. வண்ணக்கர் தொண்டையைச் செருமினார். அவள் ஒரு பெட்டியைத் திறந்து, பிரிக்காத புதுச் சப்பாத்துச் சோடியை எடுத்தாள். "வெளிய ஒருநாளும் போடாதது மாமா. இஞ்ச மட்டும்தான் போடுவன்." வரமுன்பே யோசித்து வாங்கி வந்திருக்கிறாள். எங்கள் நிர்வாக சபைக்கு அது நாலு கூட்டம்.

மண்டபத்துக்கு ஐந்து பலகை. ஆட்கள் இருக்கிற இடத்துக்கு மேலே சங்கிலியில் இறக்கித் தொங்கவிட்டாள். கப்புகனாருக்கென்று வைத்திருந்த ஆறாவதற்கு வந்தபோது வண்ணக்கர் அம்மன் அறைக்கு முன்னால் குறுக்கே போய் நின்றார்.

"இதுக்கங்கால பலகை ஒண்ணா மகள். ஆத்தாவுக்குச் சூடு ஆகா. அதோட பொம்பிளப் புள்ளயள் உள்ளுக்குப் போறதும் இல்ல."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். இனி அவள் ஏணியை மடித்துக்கொண்டு போய்விடுவாள் என்று நினைத்தேன்.

"நான் ஏன் மாமா உள்ளுக்குப் போக?" என்றாள். "இந்தச் சூடு காத்தோட சுத்தித் திரியாது. நேர்கோட்டிலதான் போகும். பாக்கிற இடத்த மட்டும்தான் சுடும், மறைஞ்ச இடத்தச் சுடாது. அம்மாளப் பாக்காம வடிவேல் மாமாட முதுக மட்டும் பாக்கிற மாதிரி வெளியிலயே தூக்கிறன்."

வண்ணக்கருக்கு வார்த்தையில் நம்பிக்கை இல்லை. அவள் ஒரு நூல் பந்தை எடுத்தாள். நுனியைப் பலகை வரப்போகிற இடத்தில் கட்டி, மற்ற நுனியை, அளவெடுக்கக் கதவைத் திறந்துவிட்ட வடிவேல் அண்ணனிடம் கொடுத்து உள்ளே அனுப்பினாள். நூல் மேலே இருந்து சரிந்து வந்து, நிலையின் மேல் மரத்தை உரசி, இன்னும் சரிந்து உள்ளே போனது. கப்புகனார் நிற்கிற இடத்தில் அவர் தோள் உயரம். அம்மன் பீடத்துக்கு வரும்போது பீடத்தின் பாதிக்குக் கீழே. "நூலுக்கு மேல இரிக்கிறதெல்லாம் நிழல்" என்றாள். "அம்மாள் முழுக்க நிழலுக்குள்ளதான் இரிக்கா."

மாட்டிப் போட்டு அரை மணி நேரம் விட்டாள். பிறகு தொடாமல் சூடு பார்க்கிற துப்பாக்கி போன்ற கருவியை எடுத்தாள். வண்ணக்கர் தொற்றுநோய்க் காலத்துப் பழக்கத்தில் நெற்றியை நீட்டினார். அவள் அவரைத் தாண்டி, சட்டையைக் கழற்றிவிட்டுத் தன் இடத்தில் நின்ற வடிவேல் அண்ணனின் வெறும் முதுகுக்கு நேரே பிடித்தாள். முப்பத்துமூன்று பாகைச் சூடு. வெளியே நின்றபடியே பீடத்து மேல்விளிம்புக்கு நேரே பிடித்தாள். பன்னிரண்டு. பலகை போடமுன்பும் பன்னிரண்டுதான்.

"மறுகா ஒருக்காப் பிடி" என்றார் வண்ணக்கர். பன்னிரண்டு. "மறுகா." பன்னிரண்டு. அவர் தானே உள்ளே போய்ப் பீடத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். வெளியே வந்து வடிவேல் அண்ணனின் முதுகிலும் வைத்துப் பார்த்தார்.

"ஆத்தா குளிர்மையாத்தான் இரிக்கா" என்றார்.

உடனே உள்ளே ஓடி ஒரு மாலையும் சந்தனக் கிண்ணமும் எடுத்துவந்து, கம்பொன்றால் மாலையைப் பலகைக்கு மேல் ஏற்றப் போனார். புதுச் சாமான் எது வந்தாலும், அது மோட்டார் சைக்கிளாக இருந்தாலும் குளிர்சாதனப் பெட்டியாக இருந்தாலும், மாலை போடாமல் எங்களால் தொடங்க முடியாது. "மாமா! அதில ஒண்டும் போடக் கூடா, நெருப்புப் புடிக்கும்!" என்று மகள் பாய்ந்து கம்பைப் பிடித்தாள். அம்மனுக்கே ஆகாத சூடு என்று ஒரு மாதம் வாதாடிய மனிதர், அந்தச் சூட்டுக்கே மாலை போடப் பார்த்தார். கடைசியில் தொங்குகிற சங்கிலியின் மேல் கொளுக்கியில் ஒரு சந்தனப் பொட்டு வைக்க அவள் இடம் கொடுத்தாள். அதை வைக்க அவளேதான் ஏணியில் ஏறினாள்.

7

அந்த நேரம் பார்த்து அக்கா வீடியோவில் அழைத்தாள்.

வண்ணக்கருக்குச் சந்தோசம் தாங்கவில்லை. என் கையில் இருந்து போனைப் பறித்து மண்டபம் முழுவதையும் சுற்றிக் காட்டினார். பலகையைக் காட்டினார், ஏணியையும் காட்டினார்.

"ஏணியில நிக்கிறது ஆரு?" என்று அக்காவின் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது. "நம்மட டாக்குத்தர் புள்ளயா அது?"

வண்ணக்கர் என்னைப் பார்த்தார். இங்கே இருக்கிற எல்லோருக்கும் என் மகள் என்ன வேலை செய்கிறாள் என்று தெரியும். நான் ஊருக்கு என்ன சொல்லி வைத்திருக்கிறேன் என்றுதான் தெரியாது. ஏணியில் மகளின் கை நின்றது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பதினொரு மாதத்தில் முதல் தடவை நேராகப் பார்த்தாள்.

நான் போனை வாங்கினேன். சொன்னேன்:

"ஓம் அக்கா. லீவில வந்தவள், சும்மா ஒரு உதவிக்கு ஏறி நிக்கிறாள்."

"இறங்கச் சொல்லு தம்பி! கை பத்திரம். டாக்குத்தர்ர கையெல்லோ" என்றாள் அக்கா.

மகள் சந்தனத்தை வைத்து முடித்தாள். இறங்கினாள். ஒவ்வொரு பலகையையும் இன்னொரு தடவை சோதித்தாள். நகரசபைக்கான பத்திரத்தை நிரப்பிக் கையெழுத்து வைத்து, பெற்றுக்கொண்டவர் என்ற இடத்தில் என்னிடம் நீட்டினாள். "வாசிச்சிட்டு வையுங்க அப்பா" என்றாள். அவள் பெயருக்குக் கீழே தொழில் என்ற கட்டத்தில் மின்வினைஞர் என்று இருந்தது. வைத்தேன். ஏணியின் மறு நுனியைப் பிடிக்கப் போனேன். "நான் தூக்குவன்" என்றாள். தூக்கிக்கொண்டு போனாள்.

எனக்கு வெட்கமாக இருந்தது. அதை வேறு மாதிரிச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

8

சடங்கு நன்றாக நடந்தது. வியாழக்கிழமை காலை வெளியே நாலு பாகை. உள்ளே பெண்கள் காலுறை இல்லாமல் இருந்தார்கள். ஒரு விளக்கும் அணையவில்லை. கடைசி நாளான குளிர்த்தி அன்று வடிவேல் அண்ணன் வாய் கட்டி, வெறும் உடம்போடு, மஞ்சள் நீரை வேப்பிலையால் தெளித்தபோது கை நடுங்கவில்லை. வேப்பிலை இலண்டனில் இருந்து வந்தது. மகள் வரவில்லை.

முடிந்த பிறகு வடிவேல் அண்ணன் என்னைத் தனியே கூப்பிட்டார். "தங்கராசா, மூண்டு நாளும் என்ட முதுகில ஆரோ கைய வச்சிக்கொண்டு நிண்ட மாதிரி இரிந்திச்சு. புள்ளைக்குச் சொல்லிரு" என்றார். என்ன முகத்தோடு சொல்வது?

அக்காவுக்கு முதலில் தனியாகச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். மூன்று தரம் அழைத்தேன். மூன்று தரமும் அவள் மருமகளின் கைராசியைப் புகழ்ந்தாள், நான் வைத்துவிட்டேன். அத்தோடு, பொய் அக்காவுக்கு மட்டும் சொன்னதல்ல. பதாகை கட்டிய பள்ளிக்கூடத்துக்கும், பொங்கல் சாப்பிட்ட வீதிக்கும், படம் அனுப்பிய அயலவருக்கும் சேர்த்துச் சொன்னது. ஆகவே ஊர் வாசிக்கிற இந்த வெளியீட்டிலேயே எழுதுகிறேன்.

அக்கா, என் மகள் டாக்டர் இல்லை. உனக்கு மாத்திரை சொன்னது நான்தான். முழங்காலை நல்ல வைத்தியரிடம் காட்டு. அவள் ஏணியில் உதவிக்கு ஏறவில்லை. அது அவளுடைய ஏணி.

இதுவரை எழுதியதை ஆசிரியருக்கு அனுப்பமுன் மகளுக்கு அழைத்தேன். எடுக்கமாட்டாள் என்று நினைத்தேன், எடுத்தாள். அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. நாங்கள் படிப்பித்தோம் என்று சொல்லிக்கொள்வோம். முதல் வரியில் இருந்து நானே வாசித்தேன். வண்ணக்கர் நெற்றியை நீட்டிய இடத்தில் மூக்கால் ஒரு சிரிப்புக் கேட்டது. ஏழாம் பகுதியில் ஒரு சத்தமும் இல்லை. வடிவேல் அண்ணன் சொன்னதை வாசித்தபோது அவள் மூக்கை உறிஞ்சினாள். சளித் தடிமன் என்றாள்.

வாசித்து முடித்துவிட்டுக் காத்திருந்தேன்.

"மாமி இத வாசிப்பாவா?"

"அட்டையில இரிந்து விளம்பரம் வரைக்கும் வாசிப்பாள்."

"வடிவேல் மாமாட பேர் இரிக்கு. அம்மாட பேர் இரிக்கு. புறாவும் இரிக்கு" என்றாள். "என்ட பேர் ஒரு இடத்திலயும் இல்லையே அப்பா."

மேலும் கீழும் தேடிப் பார்த்தேன். இல்லைதான். மகள் மகள் என்றே எழுதி வந்திருக்கிறேன். எங்கே போடட்டும் என்று கேட்டேன்.

"பத்திரத்தில போட்ட மாதிரிப் போடுங்க."

நிலானி தங்கராசா, மின்வினைஞர்.